தோலுக்கு அடியில் ஒரு சாவி: சாவிக்காரர் பதில்கள்

போன இதழில் ரிமோட் சாவியின் பேட்டரி பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வெளிநாட்டில் சிலர் கார் சாவியைச் சட்டைப் பையில் வைப்பதில்லை, அரிசி மாதிரி ஒரு சிப்பாகக் கைத் தோலுக்கு அடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள் என்று. பேட்டரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு அறிமுகம். அப்பா திருச்சி பெரிய கடைவீதியில் குடைக்கு அடியில் உட்கார்ந்து அரத்தால் சாவி ராவியவர். நான் பாலக்கரையில் கார் சாவிக்கு கோடிங் போடுகிறேன். அரம் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. வேலை லேப்டாப்பில் நடக்கிறது.

என் மகன் பொறியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கையில் சிப் வைத்துக்கொண்டால் நம்முடைய 2016 ஸ்விஃப்டைச் சாவியே இல்லாமல் திறந்து ஸ்டார்ட் செய்யலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இது நடக்கிற காரியமா?
— ஒரு தந்தை, பாளையங்கோட்டை

நடக்கிற காரியம்தான் ஐயா. ஆனாலும் முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். தம்பி சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் நிறைய வேலை கிடக்கிறது. பாதியிலேயே அவருக்கு அலுத்துப்போகவும் வாய்ப்பு உண்டு.

உங்கள் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் கறுப்புத் தலைக்குள் பொடி சிப் ஒன்று இருக்கிறது. ரிமோட் பட்டனுக்குத்தான் பேட்டரி. இந்தச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே, மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிய வளையம் ஒன்று இருக்கும். நீங்கள் சாவியை ஆன் செய்ததும் அந்த வளையத்தில் நொடிக்குச் சுமார் 1,25,000 முறை ஊசலாடும் காந்தப் புலம் எழும்புகிறது. சிப்புக்குச் சாப்பாடும் அதுதான், "நீ யார்?" என்ற கேள்வியும் அதுதான். சிப் சரியான பதிலைச் சொன்னால் இசிஎம், அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர், பெட்ரோல் விடும். சொல்லாவிட்டால் செல்ஃப் எடுக்கும், எஞ்சின் பிடிக்காது. அல்லது பிடித்த மறுநொடி அணைந்துவிடும். மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். உங்கள் வண்டிக் கம்பெனி ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 1990களிலேயே புது கார்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள்.

இனி நான் சொல்வது தம்பிக்குப் பிடிக்கும். சில சாவிகளை உடைத்தால் உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள்தான் சிப் இருக்கும். கையில் வைத்துக்கொள்கிறார்களே, அதுவும் கண்ணாடிக் குழாய்தான். பொதுவாக 2 மி.மீ. தடிமன், 12 மி.மீ. நீளம். அரிசி மாதிரி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிட்டேன். அளந்து பார்த்தால் நம் பொன்னி அரிசி இரண்டை முனைக்கு முனை வைத்த நீளம் வருகிறது. ஆக, சாவியில் இருப்பதும் கையில் போவதும் அண்ணன் தம்பி மாதிரிதான்.

"அப்படியானால் ஸ்பேர் சாவியில் இருக்கும் சிப்பை எடுத்து அப்படியே கையில் வைத்தால் என்ன?" என்று தம்பி அடுத்து கேட்பார். கூடாது. அது உடம்புக்குள் போவதற்காகச் செய்த பொருள் அல்ல. பல சாவிகளில் கண்ணாடியே கிடையாது, கறுப்பாக ஒரு கட்டி மாதிரி இருக்கும். இன்னொன்று, துளையைச் சுற்றிய வளையத்துக்குக் கண் ஓரிரு சென்டிமீட்டருக்குத்தான் தெரியும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் சிப்பை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த வளையத்தில் கையை ஒட்டிப் பாருங்கள், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஒட்டினாலும் போதாது. குழாய் சிப்புக்குள் இருக்கும் சுருள், காந்தக் கோடு அதன் நீளவாக்கில் போனால்தான் விழிக்கும். குறுக்கே நின்றால் செத்த மாதிரி கிடக்கும்.

அதனால் செய்தவர்கள் பலர் வேறு வழியில் போனார்கள். ஸ்பேர் சாவியின் சிப்பை அந்த வளையத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது. சிப்பைப் படிக்கும் ரீடர் ஒன்றைத் தனியாக வாங்கி வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, அது கையை அடையாளம் கண்டதும் ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக சென்டர் லாக்கையும் இக்னிஷனையும் இயக்குவது. வேலை செய்யும். ஆனால் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்: வண்டியோடு வந்த காவல்காரனை நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட்டு, வாசலில் நீங்களே சாலிடர் வைத்த ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஸ்டியரிங் லாக் என்று ஒன்று இருப்பதைத் தம்பியின் வீடியோவில் காட்டியிருக்க மாட்டார்கள். அது இரும்பு. அதற்கு இரும்புச் சாவிதான் வேண்டும். அதைக் கழற்றி எறியாமல் 'கை மட்டும் போதும்' என்பது உங்கள் ஸ்விஃப்டில் நடக்காது.

அப்புறம் இன்ஷூரன்ஸ். வண்டி திருடு போனால் "இரண்டு சாவியையும் கொண்டு வாருங்கள்" என்பார்கள். தம்பி எதைக் கழற்றிக் கொடுப்பார்?

மகனைத் திட்டாதீர்கள் ஐயா. ஆசை நல்ல ஆசைதான். ஒரு ரீடர், அர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, ஒரு ரிலே, சிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் கார்டு வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பல்பை ஏற்றி அணைக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் இதே பேச்சு என்றால் எனக்கு எழுதுங்கள்.

இதை முதன்முதலில் செய்தது யார்?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

காரை விடுங்கள், முதலில் கதவு. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக், 1998 ஆகஸ்ட் 24 அன்று ஒரு டாக்டரிடம் கையைக் கொடுத்து, இடது கையில் கண்ணாடிக் குழாய் சிப் ஒன்றை வைத்துக்கொண்டார். 23 மி.மீ. நீளம், இப்போது இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர் நடந்து வந்தால் துறைக் கட்டிடத்தில் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் வணக்கம் சொன்னது. ஒன்பது நாளில் எடுத்துவிட்டார்.

வாகனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் பேர் வாங்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த அமல் கிராஃப்ஸ்ட்ரா. 2005இல் அலுவலகக் கதவுக்காக ஆரம்பித்து, வீட்டுக் கதவு, கார், கம்ப்யூட்டர் என்று போனார். ஒரு கையோடு நிற்காமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே, வீட்டில் இப்படி என்னென்ன செய்யலாம் என்று புத்தகம் எழுதினார். 2013இல் இந்தச் சிப்புகளை விற்கவே ஒரு கம்பெனி தொடங்கினார். தனக்கு எரிச்சல் தந்த ஒரு பூட்டிலிருந்து ஆரம்பித்தவர் என்பதால் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். எங்கள் தொழிலும் அப்படித்தான் ஓடுகிறது.

நாய்க்குப் போடும் சிப் மலிவாகக் கிடைக்கிறதாமே, அதைப் போட்டுக்கொண்டால் என்ன?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

உங்களைப் போல ஒரு தம்பி போன வருடம் கடைக்கே வந்துவிட்டார். கையில் பாக்கெட்டோடு, ஊசியோடு. "அண்ணே, நீங்கதானே சிப் வேலை பாக்குறீங்க, ஒரு கை புடிங்க" என்றார். நான் சாவி போடுகிறவன், ஊசி போடுகிறவன் இல்லை என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். 2 மி.மீ. சிப் வழுக்கி உள்ளே போக வேண்டுமென்றால் ஊசியின் துளை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அந்த டீ முடியும்வரை அவர் யோசித்திருக்கவில்லை.

நாய் சிப் பேசும் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ்; நாம் கடையில் வாங்கும் சாதாரண ரீடர் 125. இரண்டுக்கும் பேச்சு ஒத்துப்போகாது. அதோடு விலங்குகளுக்கான குழாய்கள் பலவற்றில், சிப் இடம் மாறாமல் சதை பிடித்துக்கொள்ள மேலே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். நாய் வாழ்நாள் முழுக்க அதோடு இருக்கட்டும் என்ற கணக்கு. மனிதர்களுக்கு விற்பவர்கள் அந்தப் பூச்சு இல்லாமல்தான் விற்கிறார்கள், பின்னால் வேண்டாமென்றால் சுலபமாக எடுக்கலாம் என்று. நாய் சிப்பைப் போட்டுக்கொண்டால் எடுக்கும்போது கூடவே சதையும் வரும்.

எல்லோருக்கும் புத்திமதி சொல்கிறீர்களே, நீங்கள் செய்து பார்த்ததுண்டா?
— வாசகர், ஈரோடு

கேட்டீர்களே! உண்டு. தோலுக்கு அடியில் அல்ல, தோலுக்கு மேலே.

என்னிடம் 1996 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. இம்மொபிலைசர் என்ற பேச்சே கிடையாது, அதனால் ஏமாற்ற வேண்டிய காவல்காரனும் இல்லை. 125 கிலோஹெர்ட்ஸ் கண்ணாடிக் குழாய் சிப் ஒன்று வாங்கினேன். இடது கை கட்டை விரலுக்குப் பக்கத்துச் சதையில் வைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டினேன். மூன்று மாதம், குளித்ததும் புது பிளாஸ்டர். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்னண்ணே, கையில காயமா?" என்பார்கள். என் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

ரீடரை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு வாரம் போனது. தகரத்துக்குப் பின்னால் வைத்தால் காந்தப் புலம் வெளியே வராது. ஆக, கண்ணாடிதான் வழி. முன் கண்ணாடியின் கீழ் மூலையில், டிரைவர் பக்கம், உள்ளிருந்து சுருளை ஒட்டினேன். ஒரு சாதாரண அக்சஸ் கார்டைக் காட்டினால் நாலு விரல் தூரத்திலேயே 'பீப்' என்றது. இந்தப் பொடிக் குழாய்க்குக் கையைக் கண்ணாடியோடு அழுத்த வேண்டியிருந்தது. அதுவும் சுருளின் நடுவில் வைத்தால் மௌனம், ஓரக் கம்பிக்குக் குறுக்காகக் குழாய் வருமாறு வைத்தால் பீப். அந்தக் கோணம் கைக்குப் பழகப் பத்து நாள் ஆனது. தினம் காலையில் நான் கண்ணாடியைத் தொட்டுத் தடவி நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர், "தொழில்மேல அவ்வளவு பக்தியா தம்பி?" என்றார். ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் நேரமாகும்.

உள்ளே ஒயரிங்கில் இரண்டு விஷயத்தில் உஷாராக இருந்தேன். கை காட்டியதும் வண்டி தானாக ஸ்டார்ட் ஆகக் கூடாது. கியரில் நிறுத்தியிருந்தால் பாய்ந்து எதிர்வீட்டுச் சுவரில் போய் நிற்கும். அதனால் கை காட்டினால் இக்னிஷன் மட்டும் ஆன் ஆகும். கிளட்சை மிதித்து ஒரு பட்டனை அழுத்தினால்தான் செல்ஃப். இரண்டாவது, ஓடும்போது ரீடர் கண் மூடினாலும் இக்னிஷன் விழக் கூடாது. ஒருமுறை ஆன் ஆன ரிலே, நான் நிறுத்தும்வரை பிடித்தபடியே இருக்க வேண்டும். நடு ரோட்டில் எஞ்சின் அணைந்தால் பிரேக் கல்லாகிவிடும். அதைக் காலால் உணர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டியரிங் லாக்கைக் கழற்றினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அது தப்பு. பிறகு திரும்பப் போட்டுவிட்டேன்.

கடைசியில் கவிழ்த்தது பேட்டரி. ரீடரும் போர்டும் இரவு பகலாக விழித்திருக்க வேண்டுமே, கை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டும் சேர்ந்து 70 மில்லி ஆம்பியர் குடித்தன. சின்னத் தொகை போலத் தோன்றும். ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-அவர். அக்கா மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய் 12 நாள் கழித்து வந்தேன். 20 ஆம்பியர்-அவர் போயிருக்கிறது. என் பேட்டரி புதிதாக வந்தபோதே 35தான், அதற்கு வயது நாலு. ராத்திரி பதினொரு மணிக்கு, கையில் சூட்கேஸோடு, கண்ணாடியைத் தடவுகிறேன் தடவுகிறேன், பீப் இல்லை. கரண்ட் இல்லை என்றால் சென்டர் லாக் எங்கே திறக்கும்? பானெட்டைத் திறந்து வேறு பேட்டரி கொடுக்கலாம் என்றால், பானெட் கேபிளின் கைப்பிடி வண்டிக்குள் இருக்கிறது.

அந்த வண்டிக்கு அப்பா ராவிக் கொடுத்த டூப்ளிகேட் சாவி ஒன்று வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கப் பல் கொஞ்சம் முரடு, அவருக்கு அப்போது கண் மங்கத் தொடங்கிய காலம். போட்டேன், திறந்தது.

ஃபாஸ்டேக்கும் இதே ஆர்எஃப்ஐடிதானே? அதைக் கையில் வைத்துக்கொண்டால் டோலில் கையை நீட்டிவிட்டுப் போகலாமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

ஆர்எஃப்ஐடி என்றால் ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் சிப். குடும்பப் பெயர் ஒன்று, குணம் வேறு. ஃபாஸ்டேக் பேசுவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. பல மீட்டர் தூரம் கேட்கும். அந்த அலையை உடம்பில் இருக்கும் தண்ணீர் விழுங்கிவிடும். வண்டிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதை அங்கேயே ஒட்டுங்கள்.

கையில் சிப் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா? என் தம்பி அமெரிக்காவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.
— ஒரு அக்கா, வேலூர்

நான் டாக்டர் இல்லை அம்மா, அதனால் எனக்குத் தெரிந்த ஓரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குழாய்க்குள் செம்புச் சுருளும், அதற்கு நடுவில் காந்தத்தோடு உறவாடும் ஃபெரைட் குச்சியும் இருக்கின்றன. 2004 அக்டோபரில் மனிதர்களுக்கான வெரிசிப் என்ற சிப்புக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தபோதே, கவனிக்க வேண்டிய ஆபத்துகள் என்று ஒரு பட்டியல் போட்டது. திசு ஒவ்வாமை, சிப் இடம் மாறுதல் இவற்றோடு எம்ஆர்ஐயும் அதில் உண்டு. அது ஆஸ்பத்திரியில் நோயாளியை அடையாளம் காண வந்த சிப், காருக்கு அல்ல. ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

தம்பியிடம் சொல்லுங்கள்: சிப் வாங்கியபோது வந்த காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் "உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா?" என்று கேட்கும்போது வெட்கப்படாமல் கையைக் காட்டட்டும். உங்களுக்கும் அது எந்தக் கை என்று தெரிந்திருப்பது நல்லது, அவர் மயக்கத்தில் இருந்தால் நீங்கள்தானே சொல்ல வேண்டும்.

நான் ஐடியில் வேலை பார்க்கிறேன். டெஸ்லா மின்சாரக் காரின் கார்டு சாவியை யாரோ கரைத்து உள்ளே இருக்கும் சிப்பைக் கையில் வைத்துக்கொண்டதாகப் படித்தேன். உண்மையா?
— வாசகர், சோழிங்கநல்லூர்

உண்மை. 2019இல் டெக்சஸைச் சேர்ந்த ஒரு பெண் மென்பொருள் பொறியாளர், மாடல் 3 காரின் கார்டை அசிட்டோனில் ஊறப்போட்டார். நகப் பாலிஷ் துடைக்கும் அதே திரவம்தான். பிளாஸ்டிக் கரைந்து சிப்பும் ஆன்டெனாவும் மிஞ்சின. அதற்கு உடம்பு ஏற்கும் பாலிமர் உறை போட வைத்து, முன்னங்கையில் பதித்துக்கொண்டார். டாக்டரிடம் அல்ல, உடம்பில் அலங்காரம் செய்யும் கடையில். படம் பார்த்தேன், எனக்கே கை கூசியது. கார் திறந்தது. ஆனால் ஒரு அங்குலத்துக்குள் கையைக் கொண்டுபோனால்தான். பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டுவது அதைவிட லேசு.

ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கார்டு 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசும் குட்டிக் கம்ப்யூட்டர். ரகசிய எண்ணை அது வெளியே சொல்வதே இல்லை. கார் கேட்கும் கணக்கைப் போட்டு விடையை மட்டும் சொல்கிறது. அதனால் அதை நகல் எடுக்க முடியாது. அவர் கார்டையே கரைத்ததும் அதனால்தான். அதற்குப் பிறகு, அதே மாதிரி கணக்குப் போடத் தெரிந்த சிப்புகளை உடம்புக்காகவே செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதைப் புது கார்டு சேர்ப்பதுபோலக் காரிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒயரில் கத்தி வைக்க வேண்டாம், காவல்காரனைத் தூங்க வைக்க வேண்டாம். பாளையங்கோட்டைத் தம்பி கேட்கும் வேலை ஒழுங்காக நடப்பது இந்த வகை வண்டியில்தான். சிப் மட்டும் தட்டையாக, பெரிதாக இருக்கும், சாதாரண ஊசியோடு முடியாது.

கையில் இருக்கும் சிப்பை யாரும் திருட முடியாது அல்லவா?
— வாசகர், சேலம்

கையைத் திருட முடியாது. நம்பரைத் திருடலாம்.

ஃபிளாட்டுகளில் லிஃப்டுக்கும் கேட்டுக்கும் ஒரு கார்டு தருகிறார்களே, அவற்றில் பல இதே 125 கிலோஹெர்ட்ஸ் வகை. கேட்பவர் யாராக இருந்தாலும் தன் 40 பிட் நம்பரை ஒப்பித்துவிடும், சங்கேதம் எதுவும் கிடையாது. என் கடையில் உள்ள சின்ன மெஷினில் வைத்தால் இரண்டு நொடியில் நகல். மலிவான கை சிப்புகளும், நான் பிளாஸ்டரில் ஒட்டியிருந்ததும் இதே ஜாதி. பேருந்துக் கூட்டத்தில் ஒருவன் ரீடரை உள்ளங்கையில் மறைத்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினால் முடிந்தது. கார்டு என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

வண்டிக் கம்பெனிகளின் சிப்புகள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அவையும் தோற்றிருக்கின்றன. 40 பிட் ரகசியம் கொண்ட ஒரு பிரபல சாவிச் சிப்பை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் உடைத்து, காரை ஸ்டார்ட் செய்தே காட்டினார்கள். மெகாமோஸ் என்ற இன்னொரு வகையின் ஓட்டையைக் கண்டுபிடித்த மூன்று ஆய்வாளர்களின் கட்டுரையை 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் வெளியிட விடாமல் தடுத்தது, 2015இல்தான் அச்சேறியது. அப்பா காலத்தில் பூட்டு பலவீனம் என்றால் பூட்டை மாற்றுவார்கள். இந்த இரண்டு வருடமும் அந்தச் சாவிகள் எல்லோர் பையிலும் சும்மா இருந்தன.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில், வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்று நீட்டி, வண்டியைத் திறந்து கொண்டுபோகிற திருட்டு வெளிநாட்டில் நிறைய நடக்கிறது. பேட்டரி இல்லாத கை சிப்பிடம் அந்த வித்தை பலிக்காது. சில அங்குலத்துக்கு அப்பால் அது யாரிடமும் பேசாது.

என் கணவர் வாரம் ஒருமுறையாவது கார் சாவியைத் தொலைப்பார். தேடிக் கொடுத்தே எனக்குப் பாதி வயது போய்விட்டது. அவருக்கு இதை வைத்துவிடலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

உங்கள் வீட்டில் அந்தக் காரை அவர் மட்டுமா ஓட்டுகிறார் அம்மா? கல்யாணத்துக்குப் போகும்போது ஆக்டிங் டிரைவர் போடுவீர்கள். சர்வீஸுக்கு எடுக்க ஆள் வருவான். தெருவில் தேர் வந்தால் வண்டியை நகர்த்தச் சொல்வார்கள். அவர் அப்போது குளித்துக்கொண்டிருப்பார். நாளைக்கே அவருக்கு மேலுக்கு முடியவில்லை என்று அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, அவர் கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்துத்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும். இன்னொருவர் கையில் கொடுக்க முடிகிற ஒன்றைத்தான் என் அப்பா சாவி என்று சொல்வார்.

அவர் தொலைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? சிப் வைத்த மோதிரம் விற்கிறார்கள். அதுவும் அவர் தொலைத்துவிடுவார் என்றால், கழற்றவே மாட்டார் என்று நீங்கள் நம்பும் பொருள் எது என்று யோசித்து எழுதுங்கள்: பழைய கைக்கடிகாரமோ, கழுத்துச் செயினோ. உங்கள் வண்டி எந்த மாடல் என்பதையும் எழுதுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல வண்டிகள் அப்போதும் பிடிக்கும், உள்ளே இருக்கும் பேட்டரியில்லாச் சிப்பை அந்தப் பட்டனே படிக்கிறது. பிடித்தால் அந்தச் சிப்பைக் கொண்டுபோய் எதில் வைக்கலாம் என்று நான் பார்க்கிறேன்.

அதுவரை வாசல் பக்கம் ஒரு ஆணி அடித்து வையுங்கள்.